சுண்டெலி இருக்கிற வீடு

லெமிங் எலிகள் ஒன்றுகூட இல்லாமற்போன வருஷத்தில், ஸ்கார்வ்நெஸ் துறைமுகத்துக்கு மேலே மொட்டைக் குன்றில் குடியிருந்த வெள்ளை ஆந்தை பசி பொறுக்க முடியாமல் யாழ்ப்பாணம் வரைக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரத் தொடங்கியது. எப்படிப் போனது, எந்த வழியால் போனது, அவ்வளவு சீக்கிரம் எப்படித் திரும்பியது என்றெல்லாம் எங்களிடம் கேட்கக்கூடாது. நாங்கள் வந்த வழியையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்கள் நாங்கள். மொஸ்கோவில் ஒரு அறைக்குள் எத்தனை பேர் படுத்தோம், எந்த லொறியின் எந்தப் பெட்டிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம், எந்த எல்லையில் எந்தப் பாஸ்போட்டைக் கிழித்துப் போட்டோம் என்று விசாரணை அதிகாரி கேட்டபோது ஆளுக்கொரு கதை சொன்னவர்கள். ஆந்தைக்கு இறகாவது இருந்தது.

ஸ்கார்வ்நெஸ் நோர்வேயின் வடக்குத் தலைமாட்டில் இருக்கிற சின்ன மீன்பிடி ஊர். கோடையில் சூரியன் விழாது, மாரியில் எழும்பாது. மரம் என்று கைகாட்ட ஒன்றும் இல்லை. கொட் மீனை வெட்டித் தோலுரித்து முள்ளெடுத்துப் பெட்டியில் அடுக்குகிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தெற்கே பெரிய நகரங்களுக்குப் போய்விட்டதால் அந்த மீனுக்கும் அந்தக் குளிருக்கும் நாங்கள் வாய்த்தோம். வெள்ளைச் சப்பாத்தும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு, அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் மீன்சதையைப் பரப்பி, அந்த ஒளியில் தெரிகிற முள்ளையும் புழுவையும் இடுக்கியால் பிடுங்குவதுதான் எங்களில் பாதிப் பேருக்கு வேலை. மாரியில் காலையில் போகும்போதும் இருட்டு, பின்னேரம் வரும்போதும் இருட்டு, இடையில் எங்கள் முகத்தில் விழுகிற ஒரே வெளிச்சம் அந்த மேசையின் வெளிச்சம்தான்.

இங்கபொர்க் என்கிற பெண்மணி வருஷாவருஷம் அந்தக் குன்றுக்கு வருவாள். நெட்டையான, மூக்கு எப்போதும் சிவந்திருக்கிற, ஐம்பது வயதுக்காரி. பல்கலைக்கழகத்தில் லெமிங்குகளைப் பற்றி ஆராய்கிறவள். லெமிங் என்பது வால் கட்டையான குண்டு எலி. ஒரு வருஷம் குன்று முழுக்கக் கால் வைக்க இடமில்லாமல் பெருகும், இன்னொரு வருஷம் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்துபோகும். எத்தனை இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளப் பொறி வைத்துப் பிடிக்கத் தேவையில்லை, ஆந்தையைவிட நல்ல பொறி இல்லை என்பாள் இங்கபொர்க். ஆந்தை எலியை முழுசாக விழுங்கும். சதை செரித்த பிறகு மயிரையும் எலும்பையும் ஒரு உருண்டையாகத் திரட்டிக் கக்கிவிடும். அந்த உருண்டையை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்து, மண்டையோடுகளை எண்ணினால், அந்தக் குன்றில் எந்த எலி எவ்வளவு வாழ்ந்தது என்று தெரிந்துவிடும். அந்த வருஷம் மீன் குறைந்து தொழிற்சாலையில் அரைநேர வேலைதான் இருந்தது. முள்ளுப் பொறுக்கப் பொறுமையுள்ள ஆட்கள் வேண்டும் என்று அவள் கேட்க, மேலாளர் எங்களைக் கைகாட்டினார். பழுதாகி ஒதுக்கிய வெளிச்ச மேசையின் கண்ணாடித் தட்டு ஒன்றையும், எங்கள் மண்டபத்து மேசைக்கு மேலே வைக்கத் திருத்தித் தந்தார். அப்படித்தான் சனிக்கிழமைதோறும் எங்கள் தமிழ் மண்டபத்தில் ஆந்தை உருண்டை பிரிக்கிற வேலை தொடங்கியது.

மண்டபத்துக் குசினியைப் பார்த்துக்கொள்கிற பரஞ்சோதி அக்கா முதல் நாளே அகப்பையோடு வந்து நின்றா.

"ஆந்தை அலறினாலே வீட்டுக்கு ஆகாது எண்டு சொல்லுவினம். நீங்கள் என்னெண்டால் அது சத்தி எடுத்ததைக் கொண்டுவந்து மேசையில வைச்சுக் கிண்டுறியள். வெள்ளிக்கிழமை பிள்ளையார் படம் வைக்கிற மேசை அது, தெரியுமோ?"

"அக்கா, கொழுக்கட்டை மாதிரித்தானே கிடக்கு. ஒண்டு எடுத்துப் பாருங்கோவன்" என்றார் சின்னராசா அண்ணை. அவர் வடமராட்சிக் கடற்கரைக்காரர். எதற்கெடுத்தாலும் தன் ஊரைத் தூக்கி வைத்துப் பேசுகிறவர். அக்கா அவரை அகப்பையால் அடிக்கப் போனா. அதன்பிறகு அந்த உருண்டைகளுக்குக் கொழுக்கட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. இங்கபொர்க் அந்தச் சொல்லைப் பாடமாக்கிக்கொண்டு, சனிக்கிழமை காலைகளில் பையைத் தூக்கிக் காட்டி, "கொலுக்கத்தை!" என்று கூவிக்கொண்டு வருவாள்.

ஐப்பசியில் ஒருநாள், வெந்நீரில் போட்ட உருண்டை ஒன்று தண்ணீரைச் சிவப்பாக்கியது. இரத்தமோ என்று பார்த்தோம். மண். கிண்ணத்தின் அடியில் மெதுவாகப் படிந்த அந்தச் செம்மண்ணைப் பார்த்தபோது மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் எழும்பிக் குனிந்தோம்; யாழ்ப்பாணத்துத் தோட்டங்களின் மண் அது. இங்கபொர்க் ஒரு மண்டையோட்டை எடுத்து, உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, நீண்ட நேரம் பார்த்தாள். நீளமான மூக்கு, ஊசி ஊசியாகப் பல்.

"இது இந்த நாட்டு விலங்கு இல்லை" என்றாள். "இந்தக் கண்டத்து விலங்கே இல்லை."

"மூஞ்சூறு" என்றது மேசையின் மறுபக்கத்தில் யாரோ ஒரு குரல். அடுத்த கிழமை அவளும் பல்கலைக்கழகத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து அதையேதான் சொன்னாள். அதற்காக அவள் பதறவில்லை. லெமிங்குக்கு ஒரு தட்டு, வயல் எலிக்கு ஒரு தட்டு என்று வைத்திருந்த வரிசையில் புதிதாக ஒரு தட்டை வைத்தாள். "ஆந்தை எதைத் தின்றதோ அதைத்தான் நான் சொல்ல முடியும். எதைத் தின்றிருக்க வேண்டும் என்று சொல்வது என் வேலை இல்லை" என்றாள். எங்களுக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போயிற்று.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் மண்டபம் கொள்ளவில்லை. பொங்கலுக்கும் எட்டிப்பார்க்காத குடும்பங்கள் வந்தன. சங்கத்துக்குள் சண்டை பிடித்துப் பிரிந்து போனவர்கள் வந்தார்கள். பக்கத்துத் தீவிலிருந்து படகு பிடித்து வந்தார்கள். பரஞ்சோதி அக்கா தீட்டுக்கதையை விட்டுவிட்டு உழுந்து வடை சுடத் தொடங்கினா. அணில் எலும்பு வந்த அன்று அடுப்பை நிற்பாட்டிவிட்டு ஓடிவந்து, தீக்குச்சியின் பாதி இருக்கிற அந்தக் கால் எலும்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "எங்கட மாமரத்தில ஏறி இறங்கின கால்" என்று சொல்லிச் சொல்லி அழுதா. அது அவவுடைய மாமரம்தானா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மூஞ்சூறு பிள்ளையாரின் வாகனமாயிற்றே, அதைத் தின்ற பறவையை என்ன செய்வது என்று ஒரு பேச்சு எழுந்து, பிள்ளையார் வேறு ஒன்றில் ஏறிப்போவார், ஆந்தைக்கு வேறு சாப்பாடு கிடைக்காது என்று முடிந்தது.

மண்ணைப் பார்த்து ஊர் சொல்கிற கலையில் எல்லோரும் விண்ணர்களாகிவிட்டார்கள். சிவப்பென்றால் வலிகாமம், சாம்பல் களியென்றால் வன்னி, வெள்ளை மணலென்றால் வடமராட்சி. வெள்ளை மணல் வராத கிழமைகளில் சின்னராசா அண்ணை, "எங்கட ஊர் எலி லேசில பிடிபடாது" என்று சொல்லிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒஸ்லோவிலிருந்தும் பேர்கனிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் தொலைபேசி எடுத்து, தங்கள் ஊர்ப் பக்கமும் ஒருக்கால் ஆந்தையைப் போகச் சொல்லும்படி கெஞ்சினார்கள். நாங்களும் எங்களால் ஆனதைச் செய்தோம். குன்றில் ஏறி, பாறையில் உட்கார்ந்திருக்கிற ஆந்தைக்குப் பத்து முழத்துக்கு இப்பால் நின்று, சந்தியில் இறங்கி வடக்காலே திரும்பினால் கூட்டுறவுச் சங்கம், அதற்குப் பின்னாலே போகிற ஒழுங்கையில் மூன்றாவது படலை என்று வழி சொன்னவர்கள் எத்தனையோ பேர். ஆந்தை மஞ்சள் கண்ணால் எல்லோரையும் மரியாதையாகப் பார்த்தது. யார் சொன்னதையும் கேட்கவில்லை.

ஏனென்றால் அது ஏற்கெனவே ஒரு வீட்டைப் பிடித்துவிட்டது. அது குணரத்தினத்தின் வீடு என்று தெரியவந்தது கார்த்திகையில்.

குணரத்தினம் எங்களோடு முள்ளெடுக்கிறவன். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டான், பேசினால் மெதுவாகப் பேசுவான், தொழிற்சாலை விடுதியில் ஒரு அறையில் தனியாக இருந்தான். கலியாணம் முடித்த அடுத்த வருஷம் வெளிக்கிட்டவன். மனைவி மங்கையைக் கூப்பிடுவதற்கு அலுவல் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே சண்டை முற்றி, அவனுடைய ஊரான நாவற்புலத்து ஆட்கள் எல்லோரும் ஒரே நாளில் எழும்பி ஓடினார்கள். ஊர் இராணுவத்தின் முட்கம்பி வேலிக்கு உள்ளே போயிற்று. ஓடியவர்களில் மங்கை இல்லை. குணரத்தினத்தின் தாய் ஒருபக்கம் இழுத்துப் படுக்கையில் கிடந்தா; தூக்கிக்கொண்டு போக ஆளில்லை; மாமியை விட்டிட்டு நான் வரமாட்டன் என்று மங்கை படலையைச் சாத்திக்கொண்டதைக் கண்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவளைக் கண்டவர்கள் யாரும் இல்லை. கடிதம் போகாது, வராது. உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று அவன் எங்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் கேட்டுவிடக்கூடாதே என்று நாங்கள்தான் பயந்துகொண்டிருந்தோம்.

அந்த உருண்டையை அவன்தான் பிரித்தான். செம்மண். இரண்டு சின்ன மண்டையோடு. பின்னங்கால் எலும்பு ஒன்றில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு நைலோன் நூல் நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தது. அந்த நூல் எங்கள் துறைமுகத்து வலை நூல். அந்த நிறத்தில் இங்கேதான் முறுக்குகிறார்கள். அவன் அதை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"கோழிக்கூட்டுக்கு மேல போட எண்டு நான் அனுப்பினது" என்றான். "கீரி உள்ளுக்கு வருதாம் எண்டு முந்தி மங்கை எழுதியிருந்தவள். ஒரு பார்சலுக்குள்ள பழைய வலைத்துண்டு ஒண்டு வைச்சு அனுப்பினன்."

எலி அந்த வலையில் கால் சிக்கி, கடித்துப் பிய்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது. ஓடியதை ஆந்தை பிடித்திருக்கிறது.

இங்கபொர்க் அந்த மண்டையோட்டை வாங்கி, மேல் முன்பல்லைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள். பல்லின் உட்புறத்தில் படி வெட்டினதுபோல ஒரு சின்ன வெட்டு. "இது சுண்டெலி" என்றாள். பிறகு எல்லோருக்கும் விளங்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மூஞ்சூறு ஆளில்லாத காட்டிலும் இருக்கும். வயல் எலிக்கு வயல் போதும். சுண்டெலி அப்படியில்லை, அது மனிதரோடு வாழ்கிற விலங்கு. தானியம் இருக்கிற வீட்டில், யாரோ ஒருவர் சமைத்துச் சாப்பிட்டு மிச்சம் சிந்துகிற வீட்டில்தான் அது பெருகும். வீடு வெறுமையானால் கொஞ்சக் காலத்தில் அதுவும் இல்லாமற்போகும்.

குணரத்தினம் தட்டில் இருந்த இரண்டு மண்டையோட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்தான்.

"அப்ப அடுப்பு எரியுது" என்றான்.

"எரியுது தம்பி, எரியுது" என்றா பரஞ்சோதி அக்கா.

மார்கழியும் தையும் ஸ்கார்வ்நெஸ்ஸில் சூரியன் இல்லாத காலம். அந்தக் காலத்தில் எங்களில் பலபேருக்கு மண்டை பிசகிவிடும். சும்மா இருந்து அழுவோம், காரணமில்லாமல் சண்டை பிடிப்போம். அந்த மாரியில் மட்டும் அப்படி நடக்கவில்லை. சனிக்கிழமைதோறும் நாவற்புலத்திலிருந்து சுண்டெலி வந்துகொண்டிருந்தது. ஒரு உருண்டையில் இரண்டு, இன்னொன்றில் நாலு, பொங்கலுக்கு முதற் கிழமை ஐந்து. இவ்வளவு சுண்டெலி ஒரு வீட்டில் இருக்கிறதென்றால் நெற்கூடான கொம்பறை நிறைய நெல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டோம். ஐந்து வந்த அன்று பாயாசம் காய்ச்சினோம். சின்னராசா அண்ணை வெள்ளை மணலை மறந்துவிட்டு, "எங்கட மங்கை கெட்டிக்காரி" என்று பேசத் தொடங்கினார்; அவளை அவர் படத்திலும் கண்டதில்லை.

குணரத்தினம் சனிக்கிழமைகளில் முகம் மழித்துக்கொண்டு வந்தான். பெட்டி போட்ட சட்டை, வாரின தலை, பவுடர்கூடப் போட்டிருந்தான் என்று நினைக்கிறோம். வந்து, மேசையின் அதே இடத்தில் உட்கார்ந்து, கிண்ணத்துத் தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உருண்டையை அதற்குள் விடுவான், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவன் மாதிரி. யாரும் அவனைப் பகிடி பண்ணவில்லை. எங்களுக்கு அது மனைவியைப் பார்க்கப் போகிற ஆண்பிள்ளையின் ஆயத்தம் என்று தெரிந்திருந்தது, அவனுடைய சட்டை கசங்கிவிடக்கூடாது என்று மேசையில் இடம்விட்டு உட்கார்ந்தோம்.

மாசியில் சூரியன் திரும்பிவந்தது. மலைக்கு மேலே ஒரு சிவப்புக் கீற்றாக எழும்பி உடனே மறைந்தது. அந்தச் சனிக்கிழமை உருண்டையில் சுண்டெலி இல்லை. இரண்டு மூஞ்சூறு, ஒரு வயல் எலி. ஒரு கிழமை அப்படித்தான் இருக்கும் என்றோம். அடுத்த கிழமையும் இல்லை. அதற்கடுத்த கிழமை இரண்டு உருண்டை வந்தன; இரண்டிலும் அதே செம்மண், மூஞ்சூறு, ஓணான் ஒன்றின் தாடை. குணரத்தினம் ஒவ்வொரு எலும்பையும் மூன்றுதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, இடுக்கியைக் கழுவி, துடைத்து, அதன் இடத்தில் வைத்தான்.

"வாற கிழமை பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சுண்டெலி இல்லையென்றால் சிந்துவதற்கு ஒன்றும் இல்லை. சிந்துவதற்கு ஒன்றும் இல்லையென்றால் சமைக்கிறவள் இல்லை. அதற்கு மேலே யோசிக்க எங்களுக்கு மனம் வரவில்லை, அதற்கு அந்தப்பக்கம் இன்னொரு வழியும் இருக்கலாம் என்று ஒரு தலைக்குள்ளும் தோன்றவில்லை. துக்கம் வருகிற திசையைப் பார்த்தே இருந்து பழகிப்போனவர்கள் நாங்கள்.

வந்த சனிக்கிழமை குணரத்தினம் அதே மழித்த முகத்தோடும் அதே சட்டையோடும் வந்தான். உருண்டை ஏற்கெனவே கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தது. வழக்கமாக அவன் வந்த பிறகுதான் ஊறப்போடுவது. அன்றைக்கு அவனுக்கு முன்னமே எல்லோரும் வந்துவிட்டோம். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு, ஒருவர் தேத்தண்ணீர் ஊற்றுகிற நேரம் பார்த்து, இன்னொருவர் யன்னலைச் சாத்துகிற நேரம் பார்த்து, தனித்தனியாக அந்தக் கிண்ணத்தடிக்குப் போய்வந்திருந்தோம். ஒருவர் போனது மற்றவருக்குத் தெரியாது.

அவன் பிரிக்கத் தொடங்கினான். ஒரு சுண்டெலி மண்டையோடு வந்தது. மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. நாலாவது வந்தபோது சின்னராசா அண்ணை இருமினார். ஏழாவது வந்தபோது நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு சின்ன உருண்டைக்குள் இவ்வளவும் எப்படி அடங்கும்? ஒன்று தொழிற்சாலைச் சாமான் அறையில் பொறிவைத்துப் பிடித்தது, சோடாத்தூள் போட்டு அவித்த வெண்மை அப்படியே தெரிந்தது. ஒன்றில் மீன்வாடை அடித்தது. ஒன்று சுண்டெலியே இல்லை, சுத்தமான லெமிங். எலும்பு பிரிக்க ஒருநாளும் உட்காராத பரஞ்சோதி அக்கா பழைய தட்டிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் போட்டிருக்கிறா. குணரத்தினம் அதையும் எடுத்து மற்றவற்றோடு வரிசையில் வைத்தான்.

கடைசியாக எடுத்த மண்டையோட்டை அவன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். அதன் உச்சியில் கறுப்பு மையால், ஊசிமுனை எழுத்தில், ஒரு இலக்கம் இருந்தது. பல்கலைக்கழகத்துச் சேமிப்பு அலமாரியில் ஒவ்வொரு மண்டையோட்டுக்கும் அப்படி இலக்கம் போட்டுத்தான் வைப்பார்கள். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஆந்தை தின்றதைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்றிருந்த இங்கபொர்க், காது நுனி வரைக்கும் சிவந்துபோய், யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குணரத்தினம் அந்த மண்டையோட்டைப் பெருவிரலால் மெல்லப் புரட்டி, இலக்கம் கீழே போகும்படி வைத்தான். பிறகு எங்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எங்களுக்கு விளங்கியது. தன்னுடைய வீடு வெறுமையாகக் கிடக்கிறது என்று அந்த நிமிஷத்தில் அவனுக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது, தெரிவித்தவர்கள் நாங்கள்தான்.

"கன சுண்டெலி" என்றான். "நல்லாச் சமைக்கிறாள் போல. ஒருத்தரும் யோசிக்காதையுங்கோ."

எங்களைத் தேற்றுவதற்காக அவன் அதைச் சொன்னான். பரஞ்சோதி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. அவன் பின்னாலேயே போய், அவ கையிலிருந்த அகப்பையை வாங்கி, எரியத் தொடங்கியிருந்த வடைகளை எண்ணெயிலிருந்து எடுத்துப் போட்டான். எல்லோருக்கும் அவனே பரிமாறினான். கருகின வடைதான், ஒன்றுவிடாமல் சாப்பிட்டோம்.

அதன்பிறகு அவன் வேலைக்கு வந்தான், போனான். சனிக்கிழமைகளில் மட்டும் வரவில்லை. பங்குனியில் பகல் நீண்டு, குன்றில் பனி கரைந்து, பாறைகளுக்கு இடையில் முதல் லெமிங் குஞ்சுகள் ஓடத் தொடங்கின. ஆந்தை உள்ளூரிலேயே சாப்பிட ஆரம்பித்தது. உருண்டைகளில் செம்மண் நின்றுபோயிற்று. இங்கபொர்க் தன் தட்டுகளைக் கழுவிப் பெட்டியில் அடுக்கினாள். நாங்களும் மண்டபத்து மேசையைத் துடைத்துப் பிள்ளையார் படத்தை அதன்மேல் வைத்தோம்.

தொலைபேசி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குணரத்தினத்தின் விடுதியில் தொலைபேசி இல்லை. ஊருக்கு அவன் கொடுத்திருந்தது மண்டபத்து இலக்கம்தான். பரஞ்சோதி அக்கா எடுத்து, "ஆர்? ஆர் கதைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, ரிசீவரை அப்படியே மேசையில் வைத்தா. பிறகு அவ்வளவு உடம்பையும் தூக்கிக்கொண்டு சப்பாத்துக்கூடப் போடாமல் பனிச்சேற்றில் விடுதிக்கு ஓடினா. குணரத்தினம் வந்தபோது தலையில் சவர்க்கார நுரை அப்படியே இருந்தது.

வவுனியாவிலிருந்து பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். அதனால் வாசலில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"இஞ்சருங்கோ" என்றது ஒரு பெண்குரல். "நான் மங்கை."

அவன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கேக்குதோ? நான் வெளியில வந்திட்டன். வவுனியாவில நிக்கிறன்... மாமி போயிட்டா. தை கடைசியில. நித்திரையிலதான், ஒரு கஷ்டமும் படேல்லை. உங்கட பேரைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவ. வேலியடியில காவல் நிண்ட சிங்களப் பெடியன் ரெண்டு பேர் விறகு தூக்கிக்கொண்டு வந்து தந்தவங்கள். எல்லாம் ஒழுங்காச் செய்தனான். பிறகு ஆருக்காக இருக்கிறது எண்டு வீட்டைப் பூட்டிப்போட்டு நடந்து வந்திட்டன். கனக்க நடந்தன். அழாதேங்கோ. இஞ்சருங்கோ, அழாதேங்கோ."

தை கடைசி. பூட்டின வீட்டில் சுண்டெலி ஏது? அந்தச் சனிக்கிழமை எலும்புகளைப் போட்டு நாங்கள் மூடி மறைத்தது அவள் படலையைத் திறந்து வெளியே நடந்த செய்தியை. சின்னராசா அண்ணை சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் குலுங்கினார்.

குணரத்தினம் தாய்க்காக அழுதான். அழுதுகொண்டே, "நீ சாப்பிட்டியா? காலில காயமோ? நிக்க இடம் இருக்கோ?" என்று கேட்டான். அவள் எல்லாவற்றுக்கும் ஓம், இல்லை என்று சொன்னாள். இடையில் இரைச்சல் வந்தது, பிறகு குரல் திரும்பி வந்தது.

"ஒரே ஒரு கவலைதான் எனக்கு" என்றாள் மங்கை. "சொன்னா நீங்கள் சிரிப்பியள். வெள்ளையா ஒரு ஆந்தை வரும் எங்கட வளவுக்கு. அப்பிடி ஒண்டை நான் ஒருநாளும் காணேல்லை. புட்டுமா மாதிரி வெள்ளை. வெக்கை தாங்கேலாமல் வாயை ஆவெண்டு பிளந்துகொண்டு கிணத்துக்கட்டில இருக்கும். பாக்கவே தெரிஞ்சது, அது எங்கயோ குளிர் ஊர்ப் பறவை, பசியில வந்திருக்கு எண்டு. எனக்கு உங்கட நினைப்பு வந்திட்டுது. நீங்களும் உங்கை முன்பின் தெரியாத சனத்திட்டத்தானே சாப்பாடு தேடிப் போனனீங்கள். அதுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது? நாங்கள் மச்சம் மாமிசம் காய்ச்சேல்லை. அதான் கொம்பறை நெல்லில ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி எடுத்துக் குசினி வாசலில சிந்தி விட்டனான், சுண்டெலி வரட்டும் எண்டு. எலி வந்தாத்தானே அது சாப்பிடும். மாமி பேசுவா, நெல்லை வீணாக்கிறாய் எண்டு... இப்ப வீட்டில ஒருத்தரும் இல்லை. அந்தப் பறவை வந்து பாத்திட்டு, பசியோட போயிருக்குமெல்லே?"

குணரத்தினம் வாசல் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்தான். நுரை காதோரம் வழிந்துகொண்டிருந்தது. அவனுக்கு ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொல்ல எவ்வளவோ இருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

"இல்லை மங்கை" என்றான். "அது வயிறு நிறையச் சாப்பிட்டது. எனக்குத் தெரியும்."